உலக முடிவுக்கு ஒரு சுற்று: ஹோர்ட்டன் சமவெளியில் அரை நாள் நடை

இலங்கையின் நுவரெலியாவில் விடுதி வாசல்களில் அதிகாலை நாலரை மணிக்கே வேன்கள் வந்து நின்றுவிடும். ஹோர்ட்டன் சமவெளிக்குக் கிளம்புகிற எல்லாருக்கும் ஒரே கவலைதான்: மூடுபனி ஏறுமுன் உலக முடிவு என்ற பாறை விளிம்புக்குப் போய்ச் சேர வேண்டும். நியாயமான கவலை. ஒன்பதரை, பத்து மணிக்கு மேல் கீழ்ப் பள்ளத்தாக்கிலிருந்து பனி எழும்பி விளிம்பை மூடிவிட்டால் எதிரே வெறும் வெள்ளைதான் தெரியும். ஆனால் இந்த அவசரத்தில், சுமார் ஒன்பதரை கிலோமீட்டர் நீளமுள்ள சுற்றுப்பாதையில் பாதியை யாரும் பார்ப்பதே இல்லை. காலடியில் கிடக்கும் ஈரநிலம்தான் இந்த மலைத்தட்டின் உயிர். விளிம்பு என்பது அந்தத் தட்டு முடிகிற இடம், அவ்வளவுதான்.

சமவெளி என்ற பெயரை நம்பி மைதானத்தை எதிர்பார்க்க வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,300 மீட்டர் உயரத்தில் மேடும் பள்ளமுமாக உருண்டு போகும் புல்வெளி இது. மேடுகளில் குட்டைமரக் காடு, பள்ளங்களில் சதுப்பு, இடையே ஓடைகள். சிங்களத்தில் இதற்கு மகா எலிய என்று பெயர். ஹோர்ட்டன் என்பது 1831 முதல் 1837 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த ராபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் பெயர். இந்தச் சமவெளி 1969இல் காப்பிடமாக அறிவிக்கப்பட்டு, 1988இல் தேசியப் பூங்காவானது. பரப்பு சுமார் 3,160 ஹெக்டேர். 2010இல் இலங்கையின் மத்திய மலைநாடு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது இதுவும் அதில் ஒரு பகுதியாக இடம்பெற்றது.

இத்தனை பட்டங்கள் வருவதற்கு முன்பே இந்தக் காட்டைக் காப்பாற்றியது ஒரு தாவரவியலாளரின் யோசனை. 1873இல் ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசுக்கு எழுதினார். காப்பித் தோட்டங்கள் மலை மலையாக ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அந்த யோசனையை அரசு ஏற்றிராவிட்டால் இன்று இங்கே நடப்பவர் தேயிலை வரிசைகளுக்கு நடுவில்தான் நடந்துகொண்டிருப்பார்.

போய்ச் சேரும் வழி

காஞ்சிபுரம் பக்கத்து ஏனாத்தூரிலிருந்தோ உத்திரமேரூரிலிருந்தோ புறப்படுகிறவருக்கு இது நீலகிரிப் பயணத்தைவிடச் செலவு கூடியதுதான், ஆனால் சிக்கலானதல்ல. சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம் போதும். கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து பதுளை போகும் மலைநாட்டு ரயிலில் நானுஓயாவில் இறங்கினால் நுவரெலியா பக்கம். அங்கிருந்து பூங்காவுக்கு அம்பேவெல, பட்டிப்பொல வழியாக 32 கிலோமீட்டர். பட்டிப்பொல நிலையம் 1,891 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இலங்கை ரயில்பாதையில் இதைவிட உயரமான நிலையம் கிடையாது. அதையும் தாண்டி ஒஹிய நிலையத்தில் இறங்கி, சுமார் 11 கிலோமீட்டர் மேடேறி வருவது இன்னொரு வழி. நடந்தே ஏறுகிறவர்களும் உண்டு. ஆனால் ஒஹியவிலிருந்து நடந்து ஏறி, சுற்றையும் நடந்து முடித்தால் அது அரை நாள் நடையாக இருக்காது. மழைக்காலத்தில் மண்சரிவால் இந்தப் பாதையில் ரயில் நின்றுபோவது உண்டு. பயணச்சீட்டு எடுக்குமுன் விசாரித்துக்கொள்வது நல்லது.

வழி கேட்பதற்குச் சிங்களம் தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை. நானுஓயாவில் தொடங்கி அப்புத்தளை வரை தமிழ் பேசுகிறவர்கள் பலர். 1820களிலிருந்து காப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். 2023இல் மலையகத் தமிழர் அந்த வருகையின் 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்தார்கள். "அண்ணே, ஒஹிய ரோடு எந்தப் பக்கம்?" என்று கேட்டால் வழியோடு சேர்த்து "நீங்க இந்தியாவுல எந்த ஊரு?" என்ற கேள்வியும் வரும். பதில் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்கிக்கொள்ளலாம். பட்டிப்பொல கடையில் ஒரு பிளேன்டீ குடித்துக்கொண்டே சொல்லலாம்.

பூங்கா காலை ஆறு மணிக்குத் திறக்கும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம். சார்க் நாட்டவருக்குத் தனி விகிதம் உண்டு என்பதால் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். கட்டணம் அடிக்கடி மாறுவதால் இங்கே தொகை எழுதிப் பயனில்லை.

மாதங்களில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சுதான் சிறந்தவை. வானம் தெளிவாக இருக்கும். விடியலில் புல்மேல் உறைபனியும் படிந்திருக்கும். மே முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குக் காற்று இந்தத் திறந்த வெளியில் ஆளைத் தள்ளும் வேகத்தில் வீசும். மழையும் பக்கவாட்டில் அடிக்கும். ஆண்டுச் சராசரி வெப்பநிலை 13 டிகிரிதான். காஞ்சிபுரம் மாவட்டத்து வெயிலில் பழகியவர் ஒரே கனமான ஸ்வெட்டரை நம்பி வரக்கூடாது. ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய மூன்று மெல்லிய உடைகளே உதவும். ஆறரை மணிக்கு நடுங்கிக்கொண்டு கிளம்புகிறவருக்குப் பத்து மணிக்கு வியர்க்கும். அந்த உயரத்து வெயிலில் முகமும் கருகும்.

சதுப்பின் மேல் முதல் இரண்டு கிலோமீட்டர்

நடை தொடங்கும் இடம் ஃபார் இன். தாமஸ் ஃபார் என்ற தோட்டக்காரரின் பெயரைத் தாங்கிய பழைய வேட்டை விடுதி இது. இப்போது பார்வையாளர் மையம். கழிப்பறை வேலையை இங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும், பாதையில் வசதி எதுவும் கிடையாது. வாயிலில் வனவிலங்குத் துறை ஊழியர்கள் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிஸ்கட் பாக்கெட்டாக இருந்தால் உறையைக் கழற்றிவிட்டுப் பண்டத்தை மட்டும் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்கள். இதில் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. வீட்டிலிருந்தே எவர்சில்வர் டப்பாவில் இட்லியோ புளியோதரையோ எடுத்துவருகிறவருக்கு இந்தச் சோதனை அரை நிமிட வேலை. இங்குள்ள மான்கள் பாலிதீன் தின்று பட்ட பாட்டைக் கேட்டால் சோதனை இன்னும் கடுமையாக இருக்கலாமே என்றுதான் தோன்றும்.

அந்த மான்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கடமான் என்றும் மிளா என்றும் சொல்வதை இலங்கையில் மரை என்பார்கள். ஃபார் இன் வாகன நிறுத்தத்திலேயே கொம்பு விரிந்த ஆண் மரை ஒன்று மனிதரைச் சட்டை செய்யாமல் நிற்கும். அதற்குத் தீனி கொடுப்பதும் தோளில் கை போட்டுப் படம் எடுப்பதும் தடை செய்யப்பட்டவை, புத்திசாலித்தனமும் அல்ல. நூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன் இதே வெளியில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நாய்க்கூட்டத்தை ஏவி மரைகளை வேட்டையாடினார். பின்னாளில் ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியை 1864இல் ஐரோப்பியர்களுக்கு அறிமுகம் செய்தவரும் இவரே. அவர் காலத்தில் இங்கே யானைகளும் இருந்தன. மரைகள் மட்டும் மீண்டன. அவற்றை நம்பிச் சிறுத்தைகளும் வாழ்கின்றன. பகலில் பாதையில் வருவது அரிது.

வாயிலைக் கடந்தவுடன் பாதை திறந்த புல்வெளியில் இறங்குகிறது. இங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும். பாதைக்கு இரு புறமும் தாழ்வான இடங்களில் குட்டை மூங்கில் புதர் புதராக நிற்கும். முழங்கால் முதல் இடுப்பு வரை உயரமுள்ள இந்த மூங்கில் எங்கே அடர்ந்திருக்கிறதோ அங்கே கீழே நீர் தேங்கியிருக்கிறது என்று பொருள். ஓடை மெதுவாகத் திரும்பும் இடங்களில் நீருக்குள் அலையும் நீண்ட இலைகள் அபோனோகெட்டான் ஜேகப்செனை என்ற நீர்ச்செடியினுடையவை. இலங்கை தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை.

மண் ஏன் கறுப்பாக இருக்கிறது என்ற கேள்விக்கு விடை குளிரிலும் ஈரத்திலும் இருக்கிறது. சமதளத்தில் செத்த புல் சில மாதங்களில் மக்கி மண்ணோடு மண்ணாகிவிடும். இங்கே குளிர் அதிகம், நீர் வடிவதில்லை, நீருக்கடியில் காற்று போவதில்லை. மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் வேலை செய்ய முடியாமல் போக, புல்லும் வேரும் பாதி மக்கிய நிலையிலேயே அடுக்கடுக்காகச் சேர்கின்றன. ஆண்டுக்கு நூலளவு சேர்ந்தாலும் பல்லாயிரம் ஆண்டுகளில் மீட்டர் கணக்கில் ஆழமாகிவிடும். மழை பெய்யும்போது இந்தக் கரிய அடுக்கு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. மழையில்லாத மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகிறது. ஏரிப்பாசனத்தில் வளர்ந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: இது கரையில்லாத ஏரி, மதகில்லாமலே மடை திறக்கிறது. பத்தாம் நூற்றாண்டில், பராந்தக சோழன் காலத்திலேயே, ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கல்லில் வெட்டிவைத்த உத்திரமேரூரின் பக்கத்திலிருந்து வருகிறவர், உலக முடிவைவிட இந்த இடத்தில் அதிக நேரம் நின்றால் வியப்பில்லை.

இந்த ஏரியின் ஆயக்கட்டு சிறியதல்ல. சமவெளியில் பிறக்கும் அக்ர ஓயாவும் உமா ஓயாவும் மகாவலி கங்கைக்குப் போகின்றன, பொகவந்தலாவ ஓயா களனி கங்கைக்கு, பெலிகுல் ஓயா வளவை கங்கைக்கு. இலங்கையின் மூன்று பெரிய ஆறுகளுக்கு ஒரே மலைத்தட்டில் தலைமடை.

சதுப்பு ஓர் ஆவணக் காப்பகமும்கூட. காற்றில் வந்து விழுந்த மகரந்தம் அந்தக் கரிய அடுக்கில் கெடாமல் கிடக்கும். 2003இல் வெளியான ஆய்வில் ரத்னசிறி பிரேமதிலகவும் யான் ரிஸ்பெர்கும் இங்கே சதுப்பைத் துளையிட்டு எடுத்த மண்ணில் 24,000 ஆண்டுகளின் தட்பவெப்ப வரலாற்றைப் படித்தார்கள். பனியுகத்தின் உச்சத்தில் இங்கே வறட்சி நிலவியது, பின்னர் பருவமழை வலுத்தது. அவர்கள் கண்ட தானிய மகரந்தத்தை வைத்து, இந்த மலையில் மிகப் பழங்காலத்திலேயே வேளாண்மை நடந்ததாகவும் பிரேமதிலக வாதிட்டார். அந்தக் கருத்தை எல்லா ஆய்வாளர்களும் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டிலும் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவின் சதுப்பை ஆராய்ந்து ராமன் சுகுமார் குழுவினர் 1993இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை, சுமார் 20,000 ஆண்டுகளில் நீலகிரியில் புல்லும் சோலையும் மாறி மாறி ஏறி இறங்கியதைக் காட்டியது. ஆனால் நீலகிரியின் மேல்தட்டில் முக்குருத்தி போன்ற இடங்களில் தானாக நடந்து திரிய அனுமதி கிடையாது. சோலையும் புல்வெளியும் சதுப்புமாக அதே வகை நிலத்தைக் காலால் நடந்து பார்க்க ஆசைப்படும் தமிழ்நாட்டுக்காரருக்கு ஹோர்ட்டன் சமவெளியே எளிது.

பாதையை விட்டு விலகக்கூடாது என்ற விதி சிறுத்தைக்குப் பயந்து போட்டதல்ல. சேற்றுக்குப் பயந்து ஓரமாக நடக்கிறவரின் காலடியில் புல் சாகிறது. அடுத்தவர் அதற்கும் ஓரத்தில் நடக்கிறார். ஒரே பருவத்தில் இரண்டடிப் பாதை பத்தடி ஆகிறது. பிறகு மழைநீர் அந்தத் தடத்தையே வாய்க்காலாக்கிக்கொண்டு சதுப்பை வடித்துவிடுகிறது. ஆகவே சேறு வந்தால் நடுவிலேயே மிதித்துப் போக வேண்டும். கணுக்கால் வரை மூடிய, அடியில் பல் உள்ள ஷூ இதற்காகத்தான். செருப்போடு வருகிறவர்கள் முதல் ஓடையிலேயே விதியை மீறத் தொடங்கிவிடுகிறார்கள்.

புல்வெளியில் மனிதர் செய்த காயங்களையும் அடையாளம் காணலாம். 1960களில் இங்கே விதை உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். உழுத நிலத்தில் அயல் புல்லும் களையும் இன்றும் நிற்கின்றன. மஞ்சள் பூவும் முள்ளுமாக அழகாகத் தெரியும் புதர் உலெக்ஸ். பிரிட்டிஷார் காலத்தில் வந்த இதைத் தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாகப் பிடுங்கிவருகிறார்கள். பிடுங்கிய இடத்தில் விதை மீண்டும் முளைக்கிறது.

பாறை விளிம்புகள்

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் பலகை இருக்கும். சிறிய உலக முடிவு என்று காட்டும் பக்கம் முதலில் போக வேண்டும்; பேக்கர் அருவியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம், அருவி மூடுபனியிலும் தெரியும்.

இங்கிருந்து பாதையின் குணம் மாறுகிறது. காடு வந்து மூடுகிறது. காற்றுக்கு வளைந்து குடை போல் தலை விரித்த மரங்கள், கிளையெல்லாம் பாசியும் தொங்கும் லைக்கனும். கீன என்று சிங்களத்தில் அழைக்கும் காலோஃபிலம் இங்கே முக்கிய மரம். புல்வெளி ஓரத்தில் கோணல்மாணலாக நின்று சிவப்பாகப் பூப்பது ரோடோடென்ட்ரான். நீலகிரியில் பார்த்தவர்களுக்குப் பழக்கமான முகம். குறிஞ்சியின் உறவான நெலு 2013இல் இங்கே கூட்டமாகப் பூத்தது. அதுவும் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்து மடிவது. மரத்தண்டில் பொறுமையாகத் தேடினால் மூக்கில் கொம்பு முளைத்த ஓணான் கண்ணில் படலாம். இந்த மலைகளுக்கே உரியது. சில தலைமுறைகளாக யாரும் காணாததால் அழிந்தேவிட்டது என்று எண்ணப்பட்ட மலைத்தேவாங்கு இந்தக் காட்டில் படம் பிடிக்கப்பட்டு 2010இல் உலகச் செய்தியானது. அது இரவாடி. ஒன்பது மணிக்கு அதைத் தேடுவது வீண்.

சிறிய உலக முடிவில் பாறை சில நூறு மீட்டர் இறங்கி நிற்கிறது. பெரும்பாலோர் இங்கே இரண்டு நிமிடம் நின்று அடுத்ததற்கு ஓடுகிறார்கள். கூட்டம் குறைவு என்பதாலேயே உட்கார்ந்து காலை உணவை முடிக்க இது ஏற்ற இடம். விளிம்பிலிருந்து நாலைந்து அடி தள்ளித்தான் உட்கார வேண்டும்.

இரண்டு விளிம்புகளுக்கும் இடையிலுள்ள பகுதிதான் சுற்றில் கடினமானது. வேர்கள் படிக்கட்டாகவும் படிக்கட்டுகள் வாய்க்காலாகவும் மாறிப்போன ஏற்ற இறக்கம். முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடி கொண்டுவரலாம். காலடியில் துருத்தும் பாறைகளில் சார்னோகைட் ஒன்று. 1893இல் தாமஸ் ஹாலந்து, கொல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து இந்தப் பாறைக்குப் பெயர் வைத்தார். அந்தக் கல் பல்லாவரத்திலிருந்து போனது. காஞ்சிபுரத்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வரும் பயணி பல்லாவரத்தில் பார்க்கிற அதே வகைக் கல்தான் ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் மீண்டும் எதிர்ப்படுகிறது. இந்தியாவும் இலங்கையும் ஒரே நிலத்துண்டாக இருந்த காலத்துக்கு இது சாட்சி.

பிறகு திடீரென்று காடு விலக, தரை முடிகிறது. உலக முடிவு. சுமார் 870 மீட்டர் ஆழம். கீழே தேயிலைத் தோட்டங்களும் வளவை ஆற்றின் பள்ளத்தாக்கும், வானம் முற்றிலும் தெளிவாக இருக்கும் நாளில் 80 கிலோமீட்டருக்கு அப்பால் தெற்குக் கடலின் மெல்லிய கோடும் தெரியும். கடல் தெரிந்ததாகச் சொல்கிறவர்களில் பலர் பார்த்தது மேகத்தின் ஓரமாக இருக்கலாம்; வாதாடிப் பயனில்லை.

தற்படத்துக்காகப் பின்னால் நகர்வதுதான் இங்குள்ள பெரிய ஆபத்து. 2015 பிப்ரவரியில் தேனிலவுக்கு வந்த நெதர்லாந்துக்காரர் ஒருவர் மனைவியைப் படமெடுக்கப் பின்வாங்கி விளிம்பைத் தாண்டிவிட்டார். ஏறத்தாழ 40 மீட்டர் கீழே மரமொன்றில் சிக்கியதால் பிழைத்தார். ராணுவத்தினர் கயிறு கட்டி மேலே கொண்டுவந்தார்கள். இங்கே விழுந்து உயிரோடு திரும்பியவர் என்று அவரைத்தான் அன்றைய செய்திகள் குறிப்பிட்டன. ஈரப்பாறையில் பாசி வழுக்கும். பிள்ளைகளின் கையைப் பெரியவர்கள் விடவே கூடாது.

மூடுபனி முந்திக்கொண்டால் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்கலாம். காற்று திரும்பினால் திரை சட்டென்று கிழிந்து, கீழே ஓர் ஊர் தெரிந்து, மறுபடி மூடும். அதுவும் நடக்கவில்லை என்றால் நடையைத் தொடர வேண்டியதுதான். சதுப்பைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு நாள் வீணாகவில்லை.

அருவியும் திரும்பும் வழியும்

பேக்கர் அருவி வேட்டைக்காரர் பேக்கரின் பெயரையே தாங்கியது. பெலிகுல் ஓயா சுமார் 20 மீட்டர் உயரத்திலிருந்து பாறை அடுக்குகளில் விரிந்து விழுகிறது, சுற்றிலும் மரப்பெரணிகள். பிரதான பாதையிலிருந்து அருவிக்கு இறங்கும் கிளைவழி செங்குத்தானது, சாரலில் எப்போதும் நனைந்திருக்கும். சுற்று முழுவதிலும் கால் இடறுவது இங்கேதான் அதிகம். குளிக்க அனுமதி இல்லை. நீரின் குளிரைத் தொட்டுப் பார்த்தவர் அதற்காக வருந்தவும் மாட்டார்.

அருவிக்கு மேல் பாதை மீண்டும் திறந்த வெளிக்கு வருகிறது. வெயில் ஏறியிருக்கும், காலையில் வெண்மையாகக் கிடந்த புல் பச்சையாகியிருக்கும். ஓடையில் சட்டென்று மறையும் மீன், பிரிட்டிஷார் தூண்டில் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்து விட்ட வானவில் டிரவுட். நின்று நிதானித்து நடந்தால் முழுச் சுற்றுக்கும் மூன்றரை முதல் நான்கு மணி நேரம் பிடிக்கும். ஆறரைக்குத் தொடங்கியவர் பத்தரைக்கெல்லாம் ஃபார் இன் வந்துவிடலாம்.

காலில் இன்னும் தெம்பிருந்தால் பட்டிப்பொல வாயிலுக்குத் திரும்பும் சாலையோரத்தில் தொட்டுபொல கந்த ஏறும் சிறு பாதை தொடங்குகிறது. 2,357 மீட்டர் உயரமுள்ள இந்தச் சிகரம் இலங்கையில் மூன்றாவது. ஆனால் சாலையே உயரத்தில் இருப்பதால் ஏற்றம் சுலபம். இரண்டாவதான கிரிகல்பொத்த முழு நாள் வேலை. அதை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அதே சாலையில் அரெங்கா குளம் இருக்கிறது. இலங்கையில் மட்டுமே வாழும் சீழ்க்கைப் பூங்குருவி விடியலிலும் அந்தியிலும் அங்கே வரும் என்பதால் பறவை பார்ப்பவர்கள் அதிகாலையில் முதலில் அங்கேதான் வண்டியை நிறுத்துவார்கள். ஒஹியவில் ரயில் பிடிக்க வேண்டியவர்கள் இந்தப் பக்கம் வராமல் நேரே இறங்குவதே மேல். சாலை குறுகல், வளைவுகள் அதிகம், எதிரே வேன் வந்தால் ஒதுங்கி வழிவிட்டே போக வேண்டியிருக்கும்; கணக்கிட்ட நேரத்துக்கு மேல் அரை மணி சேர்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.